புல்லுக்கட்டு

தொழுவத்தில் புல்லுக்கட்டை இறக்கிப்போட்டுவிட்டு, கழுத்தில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிக்கொண்டே மறுபடி அரிவாளை எடுத்தான் அந்தப் பையன். இந்த வீட்டு மகன் என்றே நினைத்தேன். மாப்பிள்ளையாகப் போகிறவனாம்.

இந்தோனேசியாவின் மத்திய ஜாவாவில், பாத்தி மாவட்டத்து சுகோலிலோ. செடுலுர் சிகெப் மக்கள் வாழும் ஊர். வெளியார் சாமின் மக்கள் என்பார்கள்.

இவர்களிடம் நியுவிதோ என்று ஒரு வழக்கம். பையன் பெண் வீட்டிலேயே தங்கி வயலிலும் தொழுவத்திலும் உழைக்க வேண்டும். இருவருக்கும் மனம் ஒத்துப்போனால், பெற்றோர், பெரியவர்கள் முன்னால் அவன் தன் வாயால் சொல்ல வேண்டும், இவள் என் மனைவி என்று. அவ்வளவுதான் கல்யாணம். ஒருத்திக்கு ஒருவன், ஆயுசுக்கும்.

டச்சுக்காரன் காலத்திலேயே, கல்யாணத்தைப் பதிய அதிகாரிக்கு எதற்குக் காசு என்று கேட்டு மறுத்தவர்கள் இவர்கள். வரியும் கட்டவில்லை. வழிகாட்டிய சாமின் சுரோசெந்திகோவை 1907-இல் நாடு கடத்தினார்கள், 1914-இல் சுமத்ராவில் இறந்துபோனார்.

சுதந்திரத்துக்குப் பிறகும் அரசாங்கம் இவர்களை விடவில்லை. கல்யாணம் பதிவாகாததால் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் வராமல் போன கொடுமையெல்லாம் நடந்திருக்கிறது. இவர்களைப் போன்றவர்களின் நம்பிக்கையையும் அடையாள அட்டையில் மதம் என்ற இடத்தில் எழுதலாம் என்று அரசியல் சாசன நீதிமன்றம் சொன்னதே 2017-இல்தான்.

எனக்கு ஆத்திரமாக வருகிறது. மாதக்கணக்கில் ஒரு வீட்டுக்கு உழைத்து, ஊரறியச் சொல்லிச் சேருகிறவனிடம் போய் அத்தாட்சி கேட்கிறோம்.

மத்தியானம் பெண்ணின் அப்பா தன் தட்டிலிருந்த மீன் துண்டை எடுத்து அவன் சோற்றில் வைத்தார். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, சாப்பிட்டான்.