கடலூர் – புதுச்சேரி ரயில் யார் காசில் வரும்?

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு ரயிலில் போவதென்றால் இன்றும் விழுப்புரம் சுற்றித்தான் போகணும். விழுப்புரம் – புதுச்சேரி தண்டவாளம் 1879லேயே வந்துவிட்டது. அங்கிருந்து தெற்கே ஒரு அடி நகரவில்லை. காலை ஏழு மணிக்குக் கடலூர் பஸ் ஸ்டாண்டில் பாருங்கள். புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வயதானவர்கள், எக்ஸ்ரே கவரை நெஞ்சோடு அணைத்தபடி, கூட்டத்தில் படியேற முடியாமல் நிற்பார்கள். மனசு ஆறவில்லை.

அரசியல் சட்டப்படி ரயில்வே ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது. கட்டணம், கால அட்டவணை எல்லாம் டெல்லி கையில். புதுப் பாதை கேட்டால் மட்டும் "பாதிச் செலவை மாநிலம் ஏற்கட்டும், நிலமும் தரட்டும்" என்ற பேச்சு வருகிறது. கர்நாடகா அப்படிப் பல பாதைகளுக்குப் பணம் போட்டிருக்கிறது. சென்னை பறக்கும் ரயிலின் வேளச்சேரி நீட்டிப்பில் மூன்றில் இரண்டு பங்கு தமிழ்நாடு கொடுத்தது.

சரி, நம்ம பாதையில் புதுச்சேரியின் பங்கை யார் தருவது? மத்திய வரியை மாநிலங்களுக்குப் பிரிக்கச் சொல்லும் நிதிக்குழுவின் பங்கீட்டுக்குள்ளேயே வராத யூனியன் பிரதேசம் அது; மத்திய மானியத்தை நம்பி நிற்கிறது. அதனிடம் பாதி கேட்பது நியாயமே இல்லை. இந்தப் பாதையின் முழுச் செலவையும் ரயில்வேயே ஏற்கணும். மாநிலம் பணம் போட்டே ஆகணும் என்றால், எந்த நேரத்துக்கு வண்டி, எங்கே நிற்கணும் என்பதிலும் மாநிலத்துக்குச் சம உரிமை கொடுங்கள்.