நாணயக்கயிறு பிடித்த கையும் குதிரை வாரும்

வன்னியில் மாடு பிடித்துப் பழகிய கை, மாடு இழுத்தால் நாணயக்கயிற்றை, அதாவது மூக்கணாங்கயிற்றை, இன்னும் இறுக்கும். மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றியும் கொள்ளும். லான்ட்மாஸ்ரர் என்ற இரண்டு சில்லு உழவு இயந்திரம் பிடித்த கையும் அப்படித்தான். ஜேர்மனியில் பிள்ளைகளோடு சேர்ந்து குதிரையோட்டம் பழக வருகிற எங்கட ஆக்கள் அந்தக் கையோடுதான் சேணத்தில் ஏறுகிறார்கள். பயமும் சேர்ந்தால் தோள் காதுவரை எழும்பும், முழங்கை விறைக்கும், மூச்சு நிற்கும்.

மொழியும் குழப்பும். பழக்குபவர்கள் கையை 'ஃபவுஸ்ற்' என்பார்கள். அகராதியில் அதற்கு முட்டி என்று பொருள். கேட்டவர் உடனே முட்டியைப் பொத்திவிடுவார். அவர்கள் கேட்பது பெருவிரல் மேலே நிற்க, விரல்கள் மெல்ல மூடியிருக்கும் கை.

வார், அதாவது கடிவாளத்திலிருந்து கைக்கு வரும் பட்டி, சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் இடையால் உள்ளே போய், சுட்டுவிரலுக்கு மேலால் வெளியே வரும். அதன்மேல் பெருவிரல் கூரைபோல மடிந்து அழுத்தவேண்டும். வார் வழுக்காமல் காப்பது அந்தப் பெருவிரல்தான். அது சோர்ந்தால் மற்ற விரல்கள் இறுகும், இறுக்கம் முன்கை வழியாகத் தோளுக்கு ஏறும். பெரும்பாலான பிழை இங்கேதான் தொடங்குகிறது.

கடிவாள இரும்பு, முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையிலுள்ள வெறும் முரசிலும் (ஈறிலும்) நாக்கிலும் கிடக்கிறது. விடாமல் அழுத்தினால் குதிரை அதை எதிர்த்துத் தள்ளும், தலையைத் தூக்கும், விரையும். பயந்தவர் இன்னும் இழுப்பார். அது இன்னும் விரையும்.

'ஷிறிற்' என்ற மெல்லிய நடையில் குதிரையின் தலை ஒவ்வோர் அடிக்கும் ஆடும். முழங்கை கதவுப் பிணைச்சல்போலத் திறந்து மூடி அதோடு போகவேண்டும். 'திறாப்' என்ற துள்ளு நடையில் தலை ஆடாது, சேணத்தில் எழும்பி எழும்பி அமர்வது நாங்கள்தான். எழும்பும்போது முழங்கை விரியாவிட்டால் கையும் சேர்ந்து எழும்பி, ஒவ்வொரு முறையும் வாயில் அடிக்கும்.

தளர்த்துவதை மூச்சில் தொடங்குங்கள்: குதிரை வைக்கும் 4 அடிக்கு உள்ளே, 6 அடிக்கு வெளியே. தாலாட்டோ தேவாரமோ வாய்விட்டுப் பாடினாலும் சரி. பாடுகிறவரால் மூச்சை அடக்க முடியாது. முதல் சில வகுப்புகளை 'லொன்ஷ'வில் தரும்படி கேளுங்கள்: பழக்குபவர் நீளக் கயிற்றில் குதிரையை வட்டமாக ஓட்டுவார், நீங்கள் வாரே தொடாமல் கைகளைச் சுழற்றிப் பழகலாம். சேணத்தில் இருக்கிற இருப்பு உறைத்தபின்தான் கை தளரும். இருப்பு ஆடுகிறவர் வாரைத்தான் கைபிடியாக்குவார். பிறகு வாரைத் தலைகீழாகப் பிடித்து, அதாவது பெருவிரல் பக்கம் உள்ளே, சுண்டுவிரல் பக்கம் வெளியே வர, 10 நிமிடம் நடத்திப் பாருங்கள். கை பொத்த வராது. பயம் வந்தால் குதிரையின் கழுத்தில் கட்டிய பட்டியைப் பிடியுங்கள், வாரையல்ல.

தளர்வு என்று வாரைத் தொங்கவிடுவதும் பிழை. தொங்கிய வார் திடீரென இறுகும்போது இரும்பு வெட்டி இழுக்கும். வார் நேராக இருக்கட்டும், மூட்டுகள்தான் தளரவேண்டும்.

மணிக்கட்டில் சுற்றும் பழக்கத்தை மட்டும் முதல் நாளே விடுங்கள். விழுந்தால் குதிரை இழுத்துக்கொண்டு ஓடும். பிள்ளை ஏறிய குட்டைக் குதிரையைக் கீழே நின்று நடத்தும்போதும் மிச்சக் கயிற்றைக் கையில் சுற்றாமல், மடித்து நடுவில் பிடியுங்கள்.