கடுக்காய்த் தண்ணீரில் விளக்குத்தூண்

ஏப்ரல் 12, சனி

லென்ஸ் இல்லாத ஊசித்துளை கேமராவுக்கு டப்பா தயார். பால் பவுடர் டின், உள்ளே கறுப்பு பெயிண்ட். குளிர்பான கேனில் வெட்டிய தகட்டில் மெல்லிய ஊசியால் ஒரு துளை. குத்தியதும் பின்பக்கம் பிசிறு நிற்கும். அதை நைஸ் உப்புத்தாளில் தேய்த்து, ஊசியை மறுபடி விட்டுச் சுழற்றினால்தான் வட்டம் சுத்தமாக வரும். டின்னின் குறுக்களவு 10 செ.மீ. அதற்குத் துளை 0.45 மி.மீ. அளவில் இருக்கவேண்டும். லென்ஸ் கணக்கில் சொன்னால் எஃப் 220, அதாவது குறுக்களவில் 220-இல் ஒரு பங்கு துளை.

ஃபிலிமுக்குப் பதில் பிரிண்ட் போடும் கறுப்பு வெள்ளை பேப்பர்தான், கடையை மூடிவிட்ட ஒரு ஸ்டுடியோக்காரர் கொடுத்தது. அது வெளிச்சத்தைப் பதியும் வேகம் ஐஎஸ்ஓ 6 என்று வைத்தால் உச்சி வெயிலில் அரை நிமிடம் திறந்து வைக்கலாம். இந்தப் பேப்பருக்குச் சிவப்பு தெரியாது. அதனால் பூஜை அறையின் ஜீரோ வாட் சிவப்பு பல்பு, படம் கழுவும் இருட்டறையான பாத்ரூமுக்குப் போய்விட்டது. “சாமியை இருட்டுல விட்டுட்டு என்னடா போட்டோ உனக்கு?” என்றார் அம்மா.

ஏப்ரல் 14, திங்கள்

காப்பி டெவலப்பர், அதாவது பேப்பரில் பதிந்த படத்தைக் கண்ணுக்கு வரவைக்கும் கரைசல். 1995-இல் அமெரிக்காவில் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரியில் ஒரு பேராசிரியரும் மாணவர்களும் செய்து காட்டியது. படத்தை வரவைப்பது காஃபின் இல்லை, காஃபிக் அமிலம். அதனால்தான் குடிக்க ஆகாத மலிவான ரொபஸ்டா இதற்கு அரபிகாவைவிட நன்றாக வேலை செய்கிறது. அரை லிட்டருக்கு சலவைச் சோடா 27 கிராம், விட்டமின் சி பவுடர் 8 கிராம், இன்ஸ்டன்ட் காப்பி 20 கிராம். சலவைச் சோடா கிடைக்காதவர்கள் ஆப்பச் சோடாவை வாணலியில் நன்றாக வறுத்தால் போதும், அது சலவைச் சோடாவாகிவிடும்.

தண்ணீர்தான் பிரச்சினை. எல்லாக் குறிப்பும் 20 டிகிரி என்கிறது. நம்ம ஊர் மாடித் தொட்டிக் குழாயில் அது மார்கழியிலும் வராது. மண்பானைத் தண்ணீரை எடுத்தேன். அப்படியும் குறிப்பில் சொன்ன நேரத்துக்கு முன்பே படம் வந்துவிட்டது. கடிகாரத்தை விட்டுவிட்டுக் கண்ணை நம்புவதே நல்லது. வாடை மட்டும் வீட்டைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது.

ஏப்ரல் 19, சனி

மதுரை கீழமாசி வீதியில் நாட்டு மருந்துக் கடை. கடுக்காய் கேட்டதும் கடைக்காரர், “கொட்டையை எடுத்துருங்க தம்பி, கடுக்காய்க்கு அகணி நஞ்சு” என்றார். போட்டோவுக்கு என்று சொல்ல வாய் வரவில்லை.

கடுக்காய் ஏன்? 1841-இல் இங்கிலாந்தில் டால்பாட் காப்புரிமை பெற்ற காலோடைப் முறையில், காகித நெகட்டிவில் படத்தை வரவைத்தது காலிக் அமிலம். அங்கே ஓக் மரத்தில் பூச்சியால் உண்டாகும் காய்ப்புகளிலிருந்து எடுத்தார்கள். கடுக்காய்த் துவர்ப்பிலும் அதுதான் இருக்கிறது. ஆங்கிலேயப் புகைப்படக்காரர் லினியஸ் டிரைப் 1858-இல் மதுரையைப் படம் பிடித்ததும் மெழுகு பூசிய காகித நெகட்டிவில்தான். நாயக்கர் மகால், கோயில் எல்லாம் எடுத்தவர், மதுரை கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் நினைவாக நிறுத்திய விளக்குத்தூணையும் விடவில்லை. சரி, அதே தூணை நாமும் எடுப்போம்.

ஏப்ரல் 20, ஞாயிறு

விளக்குத்தூண் அருகே ஒரு கடைத் திண்ணையில் டின்னை வைத்தேன். துளையை மூடிய கறுப்பு டேப்பைப் பிய்த்து, எண்ண ஆரம்பித்தேன். பத்து எண்ணுவதற்குள் ஒரு போலீஸ்காரர். “என்ன தம்பி இது, டப்பா?” கேமரா என்றேன். “லென்ஸ் எங்க?” துளையைக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்ததில் வெளிச்சம் மறைந்து அந்தப் பேப்பர் வீண். அடுத்ததுக்கு அவரே பக்கத்தில் நின்று, “கிட்ட வராதீங்கப்பா, போட்டோ எடுக்குறாங்க” என்று ஆட்களை விலக்கினார்.

ராத்திரி, கடுக்காய்த் தூளை சலவைச் சோடாவோடு கொதிக்கவைத்து, வடிகட்டி, ஆறவைத்தேன். நிமிடத்துக்கு நிமிடம் கறுத்துக்கொண்டே போகிற சாறு. டிரைப்புக்குக் காலிக் அமிலத்தோடு வெள்ளி நைட்ரேட்டும் இருந்தது, எனக்கு இல்லை. வெகுநேரம் தட்டை ஆட்டிக்கொண்டே இருந்தேன். நெகட்டிவ் என்பதால் வெளிச்சம் பட்ட இடம்தான் கறுக்கும். முதலில் வானம் கறுத்தது, அப்புறம் கடைப் போர்டுகளின் ஓரம், அப்புறம் நடுவில் வெளிறித் தூண். விட்டமின் சி ஒரு சிட்டிகை சேர்த்தபோதுதான் நிழல் பக்கம் விவரம் வந்தது. பேப்பர் முழுக்க மஞ்சள் கறை. எனக்கு அது பிடித்திருக்கிறது. காப்பி டெவலப்பரில் வந்தது கூர்மை அதிகம், ஆனால் முகம் வெளுத்துப்போன மாதிரி.

தெருவில் ஒரு ஆள் இல்லை, ஒரு வண்டி இல்லை. அரை நிமிடம் அசையாமல் நின்றவர்கள்தானே பதிவார்கள்? போலீஸ்காரரின் கால் மட்டும் ஓரத்தில் லேசாக இருக்கிறது.

ஏப்ரல் 27, ஞாயிறு

உலக ஊசித்துளைப் புகைப்பட நாள், ஏப்ரலின் கடைசி ஞாயிறு. கோயில் வெளி மதிலை எடுத்தேன். நெகட்டிவிலிருந்து பிரிண்ட் போட்டதும் காவிப் பட்டை கரியாகவும் வெள்ளைப் பட்டை பால் மாதிரியும் வந்திருந்தது. சிவப்பு தெரியாத பேப்பருக்கு இதைவிடப் பொருத்தமான சுவர் வேறு எங்கே? டின்னுக்குள் பேப்பர் வளைந்திருப்பதால் மதிலும் வில்லாக வளைந்து நிற்கிறது.

இயற்கை டெவலப்பர் என்று பெருமை பேசினாலும் படத்தை நிலைநிறுத்த ஹைப்போ என்ற ரசாயனம்தான். கெட்டியான உப்புத் தண்ணீரும் செய்யும், ஆனால் மணிக்கணக்கில் ஊறவேண்டும், எனக்குப் பொறுமை இல்லை. பயன்படுத்திய ஹைப்போவில் வெள்ளி கரைந்திருக்கும் என்பதால் சாக்கடையில் கொட்டாமல் வாளியில் இரும்பு ஆணிகளைப் போட்டு வைத்திருக்கிறேன். வெள்ளி ஆணி மேல் கறுப்புச் சேறாகப் படியும். அம்மா எட்டிப் பார்த்துக் கேட்டார், “கொலுசுக்குத் தேறுமா?”

தேறாது.