காமாலைக்காரரிடம் கேட்க வேண்டியவை

ஈஆர்சிபிக்கு (வாய் வழியே குழாய் விட்டுப் பித்தநாள அடைப்பை நீக்கும் சிகிச்சை) வரும் காமாலை நோயாளியின் ஃபைலில் எல்லோரும் ஐஎன்ஆர் எண்ணைப் பார்ப்போம்; அது ஏறியிருந்தால் ரத்தம் உறையத் தாமதமாகிறது என்று பொருள். பாலக்காட்டில் எண்டோஸ்கோபி நர்ஸாக வேலை பார்க்கும் நான், அத்தோடு நிறுத்துவதில்லை. "எத்தனை நாளாச் சரியாச் சாப்பிடல?" என்றும் கேட்கிறேன்.

கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவும் சொல்லும் பதில் இது: "காமாலைன்னு தெரிஞ்சதுல இருந்து பத்தியந்தான் அம்மிணி. மோருஞ்சோறும் கீழாநெல்லியும். எண்ணெய், கீரை ஒண்ணும் தொடறதில்லீங்க."

உள்ளே கல்லோ கட்டியோ பித்தநாளத்தை அடைத்திருக்கும். பித்தநீர் குடலுக்கு வராவிட்டால் கொழுப்பில் கரையும் வைட்டமின் கே உடலில் ஏறாது. அது இல்லாமல் ரத்தம் உறையத் தேவையான 2, 7, 9, 10 என்று எண்ணிட்ட காரணிகளை, அதாவது புரதங்களை, கல்லீரலால் முழுமையாகச் செய்ய முடியாது. இதில் பத்தியம் வேறு. போதாக்குறைக்கு, முன்பு பார்த்த இடத்தில் காய்ச்சலுக்குப் போட்ட ஆன்டிபயாடிக். குடலில் வைட்டமின் கே தரும் கிருமிகளையும் அது அழித்துவிடும். செஃபோபெரசோன் என்றால் இன்னும் கவனம் வேண்டும்; வைட்டமின் கே-யின் வேலையையே அது தடுக்கக்கூடியது. அதனால் பழைய மருந்துச் சீட்டை வீட்டிலிருந்து எடுத்துவரச் சொல்லிவிடுவேன்.

பித்தநாள வாயை மின்கம்பியால் வெட்டித் திறக்கும் முறை 1974 முதல் இருக்கிறது. இன்றும் நூற்றில் ஓரிருவருக்கு அந்த வெட்டிலிருந்து ரத்தக் கசிவு வருகிறது. ரத்தம் உறையாத உடம்பில் ஆபத்து கூடும்.

ஐஎன்ஆர் ஏறியிருந்தால் வைட்டமின் கே 10 மில்லிகிராம், டிரிப்பில் மெதுவாக. மாத்திரை கொடுத்துப் பயனில்லை; அதை உறிஞ்சவும் பித்தநீர் வேண்டுமே. "ஊசி போட்டாச்சுங்களே சிஸ்டர், இன்னும் ஏனுங்க உள்ள கூட்டிட்டுப் போகல?" என்று உறவினர்கள் பதறுவார்கள். மருந்து தானாக ரத்தத்தை உறைய வைக்காது, கல்லீரல் புதிதாகக் காரணிகளைச் செய்து விட வேண்டும், பலன் தெரியவே 6 முதல் 12 மணி நேரம் ஆகும் என்று உட்கார்ந்து விளக்குவேன். அந்த ஐந்து நிமிடம் வீண் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. மறுநாள் எண் இறங்கிவிட்டால் குறை வைட்டமினில்தான். இறங்காவிட்டால் கல்லீரலே பழுதாகியிருக்கலாம். டாக்டர் வேறு வழி பார்க்க வேண்டும்.

எல்லோராலும் காத்திருக்கவும் முடியாது. பித்தநாளத்தில் சீழ் பிடித்து, குளிர்காய்ச்சலோடு பிரஷர் இறங்கியவருக்கு, டாக்டர் வெட்டாமல் ஸ்டென்ட் என்னும் சிறு குழாயை மட்டும் வைத்துப் பித்தநீரை வடியவிடுவார். கல்லைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

வீட்டுக்கு அனுப்பும்போதுதான் எனக்குக் கவலை அதிகம். கசிவு ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்தும் வரலாம். எங்கள் அறிவுரைத் தாள் மலையாளத்தில். மலையாளம் நன்றாகப் பேசுகிற நம் ஆட்களில் பலருக்கு அதை வாசிக்கத் தெரியாது. தமிழிலும் அச்சடிக்கக் கேட்டிருக்கிறேன். அதுவரை பின்பக்கம் நானே எழுதித் தருகிறேன்: மலம் தார்போலக் கறுத்தாலோ, ரத்த வாந்தி வந்தாலோ, எழுந்ததும் தலை சுற்றினாலோ, விடியட்டும் என்று இருக்காமல் உடனே வாருங்கள். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும் என்பதால், அது சாப்பிடுகிறாரா என்று முன்பே கேட்டுக் குறித்துவிடுவேன்.