கரண்ட் வைத்த ஆறு வாரம்

எங்கள் பக்கம் கதிர்வீச்சுச் சிகிச்சை என்று யாரும் சொல்வதில்லை. ‘கரண்ட் வைக்கிறது’ என்பார்கள். அப்பாவுக்குக் கரண்ட் வைக்க வேண்டும் என்று சொன்னதும் பக்கத்து வீட்டு ஆச்சி கேட்ட முதல் கேள்வி, “ஷாக் அடிக்குமாய்யா?”

அப்பாவுக்கு 67 வயது. நாற்பது வருஷமாக வெற்றிலையோடு போயிலை. இடது கன்னத்தின் உள்ளே ஆறாத புண் ஒன்று வந்து, மே மாதம் அறுவை சிகிச்சை ஆனது. புற்றுநோய் கழுத்தில் ஒரு நெறிக்கட்டியிலும் இருந்ததால் 30 நாள் கரண்ட் வைக்க வேண்டும் என்றார்கள். ஆபரேஷன் முடிந்து ஆறு வாரத்துக்குள் தொடங்கிவிட வேண்டுமாம். நான் அம்பாசமுத்திரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். படித்தது பி.எஸ்சி. இயற்பியல். இந்த ஆறு வாரத்தில்தான் அந்தப் படிப்பு முதல்முறையாக எதற்காவது உதவியது.

காப்பீட்டு அட்டை, வருமானச் சான்று, அனுமதி என்று அலைந்ததை எழுதினால் அதுவே தனிக் கதை. விட்டுவிடுகிறேன். ஆஸ்பத்திரி பாளையங்கோட்டைப் பக்கம் என்பது மட்டும் போதும்.

முதலில் பல் டாக்டரிடம் அனுப்பினார்கள். ஆடிக்கொண்டிருந்த நாலு பல்லைப் பிடுங்கினார்கள். கரண்ட் வைத்த தாடை எலும்பில் ரத்த ஓட்டம் குறைந்துவிடும், அப்புறம் பல் பிடுங்கினால் புண் ஆறாமல் எலும்பே கெட்டுப்போகலாம் என்பது காரணம். புண் ஆற இரண்டு வாரம் காத்திருந்தோம்.

அப்புறம் மாஸ்க். இடியாப்பத் தட்டு மாதிரி ஓட்டை ஓட்டையாக ஒரு வெள்ளை பிளாஸ்டிக் தகடு. அதைச் சுடுதண்ணீரில் போட்டதும் கண்ணாடி போலத் தெளிந்து அப்பளம் போலத் துவண்டுவிட்டது. எடுத்து அப்பா முகத்தின் மேல் இழுத்து மேசையோடு பூட்டினார்கள். சில நிமிஷத்தில் இறுகிவிட்டது. மீசையை எடுத்துவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். அப்பா அழுததை நான் பார்த்தது சலூனில்தான், ஆஸ்பத்திரியில் இல்லை.

மாஸ்க்கோடு ஒரு சி.டி. ஸ்கேன். அதற்குப் பிறகு ஒரு வாரம் எங்களுக்கு வேலை இல்லை, அவர்களுக்குத்தான் வேலை. ஸ்கேனின் ஒவ்வொரு படத்திலும் எங்கே அடிக்க வேண்டும், எங்கே படக் கூடாது என்று டாக்டர் கோடு போடுகிறார். முதுகுத் தண்டுக்கு 45 கிரே (கதிரை அளக்கும் அலகு) தாண்டாமல் பார்க்க வேண்டும், உமிழ்நீர்ச் சுரப்பியை முடிந்தவரை காப்பாற்ற வேண்டும். அந்தக் கோட்டுக்கு ஏற்ற கணக்கைப் போடுவது மருத்துவ இயற்பியலாளர். எங்களுக்கு வாய்த்தவர் தென்காசிப் பக்கத்துப் பெண், முப்பது வயது இருக்கும். அப்பா இல்லாமலேயே மெஷினை ஒருமுறை ஓட்டி, போட்ட கணக்கும் இறங்குகிற அளவும் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகுதான் எங்களைக் கூப்பிட்டார். தினமும் காலையிலும் ஒரு சோதனை உண்டு. 100 இருக்க வேண்டிய அளவு 97க்குக் கீழே, 103க்கு மேலே போனால் யாரையும் படுக்க வைக்க மாட்டார்களாம்.

ஆச்சியின் கேள்விக்கும் அவரிடம்தான் பதில் கிடைத்தது. மெஷினுக்குள் எலெக்ட்ரான்களை ஏறத்தாழ ஒளி வேகத்துக்கு விரட்டி டங்ஸ்டன் தகட்டில் மோதவிடுகிறார்கள். அதிலிருந்து கிளம்பும் எக்ஸ்ரேதான் உடம்புக்குள் போகிறது. ஆக, கரண்ட் என்பது பாதி சரி. மெஷினை நிறுத்தினால் கதிரும் நின்றுவிடும். அப்பா பேத்தியை மடியில் வைத்துக்கொள்ளத் தடையில்லை.

ஒரு நாளைக்கு 2 கிரே. ஒரு கிலோ சதையில் ஒரு ஜூல் ஆற்றல் இறங்கினால் அது ஒரு கிரே. பேருந்தில் வரும்போது வீணான ஜெராக்ஸ் தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2 கிரே அத்தனையும் சூடாக மாறினாலும் ஒரு டிகிரியில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான் ஏறும். ஒரு வாய் காபி இதைவிட அதிகம் சுடும். “அப்போ எப்படி மேடம் செல் சாகுது?” என்று கேட்டேன். சூட்டில் சாகவில்லை, டி.என்.ஏ. அறுந்து சாகிறது என்றார். 1 கிரேக்கு ஒரு செல்லில் சுமார் ஆயிரம் இடத்தில் ஒற்றை இழை அறும், ஏறத்தாழ 40 இடத்தில் இரண்டு இழையும் அறும். ஒற்றையைச் செல் சுலபமாக ஒட்டிக்கொள்ளும். இரட்டை அறுந்ததைத் தப்பாக ஒட்டினால் அடுத்த முறை பிரியும்போது செத்துப்போகும்.

அறை வாசலில் “அசையாம படுத்துக்கிடுங்க தாத்தா” என்ற குரல் கேட்கும். பத்து நிமிஷத்தில் அப்பா முகத்தில் வலை வலையாகத் தடத்தோடு வெளியே வருவார். அந்தப் பத்து நிமிஷத்துக்காகக் கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை என்று தினமும் போக வர மூன்று மணி நேரப் பயணம். ஆனித் தேரோட்டத்தன்று மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. மெஷினுக்கு விடுமுறை இல்லை.

மூன்றாவது வாரம் செவ்வாயும் புதனும் மெஷின் படுத்துவிட்டது. சேரன்மகாதேவி தாண்டிய பிறகுதான் போன் வந்தது. முதல் நாள் ராத்திரியே தெரிந்திருக்கிறது. கோபத்தில் வாசலில் நின்று சத்தம் போட்டேன். மேடம் அமைதியாக, “விட்ட ரெண்டையும் இதே வாரம் பிடிச்சிருவோம். ஒண்ணு சனிக்கிழமை. இன்னொண்ணு வெள்ளிக்கிழமை ரெண்டு தடவை. ஆனா நடுவுல ஆறு மணி நேரம் கண்டிப்பா இருக்கணும்” என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு ஒன்று, மதியம் மூன்றுக்கு ஒன்று. நடுவில் வேப்ப மரத்தடியில் பத்தமடைப் பாயை விரித்து அப்பாவைப் படுக்க வைத்தேன். சாப்பாட்டு நேரத்தில் மேடம் அந்தப் பக்கம் வந்தபோது ஆறு மணி நேரக் கணக்கைக் கேட்டேன். 1959இல் எல்கைண்ட், சட்டன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் கண்ணாடித் தட்டில் வளர்த்த வெள்ளெலிச் செல்களுக்கு ஒரே அளவை இரண்டாகப் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்களாம். நடுவில் சில மணி நேரம் விட்டால் செல்கள் அரைகுறைக் காயத்தைச் சரிசெய்துகொண்டு அதிகமாகப் பிழைத்தன. நல்ல சதைக்கு அந்த நேரத்தைக் கொடுக்கத்தான் ஆறு மணி இடைவெளி.

முப்பதாகப் பிரிப்பதே ஒரு கிடாயால் வந்த புத்தி என்றும் சொன்னார். 1920களில் பாரிசில் ரெகோ என்பவர் கிடாயின் விதையை மலடாக்கப் பார்த்திருக்கிறார். ஒரே தடவையில் கதிரைக் கொடுத்தால் மேல்தோல் வெந்துபோனது. நாள்கணக்கில் பிரித்துக் கொடுத்தால் தோல் தப்பியது, விதை மலடானது. விதையில் இருப்பது போலவே ஓயாமல் பெருகும் செல்தானே புற்றுநோயும் என்று அங்கிருந்து கூடார் என்பவர் மனிதர்களுக்குக் கொண்டுவந்தார். கண்ணை மூடிப் படுத்திருந்த அப்பா, “அங்கயும் கெடாதானா?” என்றார்.

அவர் மனசு எங்கே இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. அடுத்த வாரம் ஆடி அமாவாசை. எங்களுக்குக் காரையாறு சொரிமுத்தையனார்தான் குலதெய்வம். வருஷம் தவறாமல் காட்டுக்குள் குடில் போட்டுத் தங்கிக் கிடா வெட்டுவோம். மூன்று நாள் கரண்ட் வேண்டாம் என்று பிடிவாதம். “ஏலே, மூணு நாளு போகலேன்னா குடியால முழுகிரும்?”

எனக்கும் சம்மதம் சொல்லிவிடலாம் என்றுதான் தோன்றியது. வாய்ப்புண் தொடங்கியிருந்தது, ருசி போயிருந்தது, கூழும் கஞ்சியும் மட்டும் இறங்கின, ஐந்து கிலோ குறைந்து மாஸ்க் லொடலொடத்ததால் மறுபடி ஸ்கேன் எடுத்துக் கணக்கை மாற்றியிருந்தார்கள். மனுஷன் சாமியையாவது பார்க்கட்டுமே.

மேடம் மறுத்தார். 1988இல் விதர்ஸ் என்ற ஆராய்ச்சியாளரின் குழு தலை, கழுத்துப் புற்றுநோய்ப் பதிவுகளை அலசியதில் தெரிந்ததாம்: ஏறத்தாழ நாலு வாரத்துக்குப் பிறகு, சாகாமல் மிஞ்சிய புற்றுச் செல்கள் முன்பைவிட வேகமாகப் பெருகத் தொடங்குகின்றன. அதை ஈடுகட்ட, தள்ளிப்போகிற ஒவ்வொரு நாளுக்கும் 0.6 கிரே போல அதிகம் வேண்டும். மூன்று நாளுக்கு 1.8. அதாவது ஒரு நாள் வைத்த கரண்ட் கிட்டத்தட்ட வீண். அப்பாவிடம் அதை நான் இப்படித்தான் சொன்னேன்: “களை பறிக்கிறவன் பாதியில மூணு நாள் லீவு போட்டா என்னாகும்?” அவர் வயல் பார்த்தவர். பேசவில்லை.

அம்மாவும் தங்கையும் போனார்கள். அந்தக் கோயிலில் இருக்கும் பட்டவராயன் சாமிக்கு அப்பா நேர்ந்திருந்த செருப்பை அவர்கள் கையில் கொடுத்து அனுப்பினார். அமாவாசையன்று நாங்கள் இருவரும் வழக்கம்போல ஏழு மணிப் பேருந்தில் பாளையங்கோட்டை போனோம். ஆடி 23இல் முப்பதாவது முடிந்தது.

ருசி திரும்ப மூன்று மாதம் ஆனது. வாய் வறட்சி இன்னும் இருக்கிறது, தண்ணீர் பாட்டில் இல்லாமல் நகர்வதில்லை. போன தடவை பரிசோதனைக்குப் போனபோது டாக்டரிடம் மெதுவாகக் கேட்டார், “போயிலை வேண்டாம் சார், வெறும் வெத்தல பாக்கு?” பாக்கே புற்றுநோயைக் கொண்டுவரும் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் வெற்றிலைச் செல்லத்தைக் கழுவிக் காயவைத்தார். இப்போது அதில் வாய் கொப்பளிக்கிற சோடா உப்பும் மாத்திரையும் இருக்கின்றன. மீசை மட்டும் இடது பக்கம் சரியாக முளைக்கவில்லை.