பாலம் கட்டியவர்கள் எங்கே பசியாறினார்கள்?

6 ஜூலை 2024, சனி

மலேசிய நண்பர்கள் சேர்ந்த எங்கள் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் இன்றைய பேச்சு காலை உணவில் தொடங்கி, வழக்கம்போல் புத்தகத்தில் போய் நின்றது. அடுத்த ஞாயிறு கோல சிலாங்கூர் பக்கம் வரவிருக்கும் சிரம்பான் நண்பர், வழியில் எங்கள் ஊரான பத்தாங் பெர்ஜுந்தையில் பசியாற நல்ல கடை எது என்று கேட்டிருந்தார். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள ஒட்டுக்கடையைச் சொன்னேன். 2007ஆம் ஆண்டில் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய இவ்வூரைச் சுற்றிலும் ரப்பர் போய்ச் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்து, தோட்டத்து லயன் வீடுகளில் இருந்தவர்கள் தாமான்களுக்கு (குடியிருப்புப் பகுதிகளுக்கு) குடிபெயர்ந்துவிட்ட பிறகும், பழைய தோட்டத்து மக்கள் ஒருவரையொருவர் பார்த்து நலம் விசாரித்துக்கொள்ளும் இடம் அந்தக் கடைதான்.

உடனே பகாவ் நண்பர் ஒரு கருத்தை முன்வைத்தார். நாவலில் மனிதர்கள் எதை, எப்படி, யாரோடு உட்கார்ந்து உண்கிறார்கள் என்று பக்கம் பக்கமாக வந்தாலும், அந்த நாவல் திரைப்படமாகும்போது முதலில் கத்திரி விழுவது அந்தப் பக்கங்களில்தான் என்றார். பூமணியின் 'வெக்கை'யையும் அதிலிருந்து 2019இல் வெற்றிமாறன் எடுத்த 'அசுரன்' படத்தையும் அவர் எடுத்துக்காட்டினார். நாவல் பதினைந்து வயதுப் பையனின் கண் வழியே நகர்கிறது. தந்தையும் மகனும் ஒளிந்து திரியும் நாட்களில் கிடைத்ததைச் சமைத்து உண்பதே அவர்களுக்கிடையிலான பேச்சாகவும் அமைகிறது. படமோ தந்தையை நடுவில் நிறுத்தி, பஞ்சமி நிலத்தின் கதையைச் சேர்த்துக்கொண்டது. அந்தச் சேர்க்கை படத்துக்கு வலிமை தந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் பையனின் பசியைப் படித்தபோது எனக்குள் எழுந்த பதைப்பு, திரையரங்கில் எழவில்லை.

9 ஜூலை, செவ்வாய்

தைப்பிங்கில் ஆசிரியையாக இருக்கும் தோழி, தோட்ட மக்களாகிய நாம் எல்லாரும் கட்டாயம் பார்க்க வேண்டிய தழுவல் என்று 'தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' படத்தைச் சொன்னார். நேற்றிரவு பார்த்து முடித்தேன். டேவிட் லீன் இயக்கி 1957இல் வெளிவந்து ஏழு ஆஸ்கார் விருதுகளைப் பெற்ற அந்தப் படம், பியேர் பூல் என்ற பிரெஞ்சுக்காரர் 1952இல் வெளியிட்ட நாவலிலிருந்து பிறந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் சிறைப்பட்ட ஆங்கிலேயப் படையினர், சயாமையும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவையும் இணைக்கும் ரயில் பாதைக்குப் பாலம் கட்டுவதுதான் கதை. நாவலில் பாலம் தப்பிவிடுகிறது. ரயில் மட்டுமே தடம் புரள்கிறது. படத்தில் பாலமும் ரயிலும் சேர்ந்து ஆற்றில் விழுகின்றன. கட்டியவனின் பெருமிதம் கடைசிவரை அழியாமல் நிற்பதுதான் நாவலின் கசப்பு. அந்தக் கசப்பைப் படம் ஒரு வெடிச்சத்தத்துக்கு விற்றுவிட்டது என்றே நான் கருதுகிறேன். படம் எடுக்கப்பட்டதும் சயாமில் அல்ல, இலங்கையின் கித்துள்கலையில்.

என்னை உறங்கவிடாதது வேறொன்று. சிறை முகாமின் ஜப்பானியத் தலைவர், ஆங்கிலேயக் கர்னலைத் தம் மேசைக்கு அழைத்து, டின்னில் அடைத்த மாட்டிறைச்சியையும் விஸ்கியையும் உபசரிக்கிறார். கர்னல் தம் மானத்தின் பொருட்டு மறுத்துவிடுகிறார். மிக நல்ல காட்சி. ஆனால் அதே ரயில் பாதையில் மண் சுமந்த நம் மக்களுக்கு அந்தப் படத்தில் மேசையும் இல்லை, தட்டும் இல்லை, முகமும் இல்லை. சயாமின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் நீண்ட அந்தப் பாதையில், 1942இன் நடுப்பகுதியிலிருந்து 1943 அக்டோபர் வரை, நேச நாட்டுப் போர்க் கைதிகள் சுமார் 60,000 பேரும், மலாயாத் தமிழர்கள் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளர்கள் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேரும் உழைத்ததாக மதிப்பிடப்படுகிறது. கைதிகளில் 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஆசியத் தொழிலாளர்களில் மாண்டவர்களை ஏறக்குறைய 90,000 என்கிறார்கள்; பேரேடு வைத்துக் குறிக்கப்படாத சாவுகள் அவை.

நாவலாசிரியருக்கு நம்மைத் தெரியாது என்றும் சமாதானம் சொல்லிக்கொள்ள முடியவில்லை. பூல் 1936 முதல் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் பொறியாளராகப் பணியாற்றியவர். விடியலில் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்றவர்களையும், தோள்கம்பில் தொங்கும் காண்டா வாளியில் ரப்பர்ப் பால் சுமந்தவர்களையும் நாள்தோறும் பார்த்திருப்பார். அவர் அந்த ரயில் பாதையில் கைதியாக இருந்தவரல்லர். இந்தோசீனாவில் பிரெஞ்சுக்காரர்களாலேயே சிறைப்பட்டவர். தம் இனத்து அதிகாரிகளிடம் கண்ட பிடிவாதத்தை எழுதவே அவருக்கு ஒரு பாலம் தேவைப்பட்டது.

10 ஜூலை, புதன்

நேற்றைய குறிப்பைக் குழுவில் பகிர்ந்தபோது ஒரு செய்தி சேர்ந்தது. எங்கள் ஊருக்கு அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில் 1917இல் வணிக நோக்கில் செம்பனையை முதன்முதலாகப் பயிரிட்ட ஆன்றி ஃபொகோனியேயும் நாவலாசிரியர்தான். மலாயாவைப் பற்றிய நாவலுக்காக 1930இல் பிரான்சின் கோன்கூர் விருது பெற்றவர்.

14 ஜூலை, ஞாயிறு

சிரம்பான் நண்பர் வந்தார். எழுத்தில் மட்டுமே பழகியிருந்தவரை நேரில் பார்க்கையில் முதலில் இருவருக்கும் பேச்சு வரவில்லை. தோசை வந்தபின் வந்தது. பக்கத்து மேசையில் இருந்த பெரியவர், நாங்கள் சயாம் என்று சொன்னதைக் கேட்டதும் நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"என்ன தம்பி, சயாம் ரயிலைப் பத்தியா பேசுறீங்க? எங்கப்பா போனவருதான். மூணு மாசம் வேலைன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனாங்க" என்றார்.

தந்தை திரும்பவில்லை. தாயாரும் பிள்ளைகளும் லயன் வீட்டுக்குப் பின்னால் நட்ட மரவள்ளிக்கிழங்கை மூன்று வேளையும் தின்று, ஜப்பானியர் மலாயாவை ஆண்ட ஜப்பான் காலத்தைக் கழித்திருக்கிறார்கள். அரிசி என்பது காய்ச்சல் கண்டவருக்குக் கஞ்சி வைக்க மட்டுமே எடுக்கப்பட்ட பொருளாம். அவர் குடும்பத்தில் மிஞ்சியது ஒரு பால் டின். வாயை வெட்டி, விளிம்பைத் தட்டி மடக்கி, இரு பக்கமும் துளையிட்டுக் கம்பி கோத்த அந்த டின்தான் கிழங்கை அளக்கும் படியாகவும், குடிக்கும் குவளையாகவும், பின்னாளில் கடையிலிருந்து தேநீர் வாங்கி வரும் தூக்காகவும் இருந்திருக்கிறது. தந்தை புறப்பட்ட காலையில் அதில்தான் கறுப்புக் காப்பி குடித்தார் என்று தாயார் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். விரல்களால் டின்னின் உயரத்தைக் காட்டியவர், விளிம்பு எவ்வளவு மடங்கியிருந்தது என்பதையும் கட்டைவிரல் நகத்தில் தொட்டுக் காட்டினார்.

"படம் எடுக்கிறதா இருந்தா அந்த டின்ன மறந்துடாதீங்க தம்பி" என்று சொல்லிவிட்டு எழுந்தார். எங்கள் பில்லையும் அவரே கட்டிவிட்டுப் போயிருந்தது பிறகுதான் தெரிந்தது.

18 ஜூலை, வியாழன்

நம் எழுத்தாளர்கள் சயாம் ரயிலின் கதையை எழுதாமல் விட்டுவிடவில்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' இருக்கிறது, அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' இருக்கிறது. பிரெஞ்சுக்காரரின் நாவல் ஐந்தே ஆண்டுகளில் திரைக்குப் போயிற்று. நம் நாவல்களுக்கு அந்த வாய்ப்பு வரவில்லை. பணம்தான் காரணம் என்று பினாங்கு அண்ணன் எழுதினார். ரயிலும் காடும் பட்டாளமும் காட்டப் பணம் வேண்டும் என்பது உண்மையே. ஆனால் தோட்டத்திலிருந்து வெளியேறியவர்களின் வாழ்வை ஒரு சிறுவன் வழியாகச் சொன்ன 'ஜகாட்', பெரும் பொருட்செலவு இல்லாமலேயே 2016இல் சிறந்த மலேசியத் திரைப்படத்துக்கான விருதைப் பெற்றதை அவருக்கு நினைவூட்டினேன். ரயிலைக் காட்டாமலும் இந்தக் கதையைச் சொல்லலாம். போனவனின் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது, எதை வேக வைத்தது என்று காட்டினாலே போதும். லீனின் படத்தில் இல்லாத மேசை அங்கே இருக்கிறது. பிறர் எடுத்த படத்தில் நம்மைத் தேடிக்கொண்டிருப்பதைவிட, இருபது நிமிடக் குறும்படமாயினும் நாமே எடுப்பது மேல் என்று சற்று அழுத்தமாகவே எழுதினேன்.

பாலாவின் 'பரதேசி'யும் விவாதத்துக்கு வந்தது. பி. எச். டேனியலின் 'ரெட் டீ' நாவலை அடிப்படையாகக் கொண்ட அந்தப் படத்தில் நாயகனின் மனைவியும் பிள்ளையும் அதே தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேரும் கடைசிக் காட்சியைத் தைப்பிங் தோழி இரண்டாம் முறை பார்க்க மாட்டேன் என்கிறார். நான் பார்ப்பேன்.

21 ஜூலை, ஞாயிறு

குறும்படம் எடுப்பதென்று முடிவு எடுத்தாயிற்று. சண்முகம், ரெங்கசாமி ஆகியோரின் இரு நாவல்களில் ஒன்றைத் தேர்ந்து, உரிமையாளரிடம் முறைப்படி அனுமதி கேட்ட பின்னரே திரைக்கதையில் கை வைப்பது என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். கடிதம் எழுதும் பொறுப்பு தைப்பிங் தோழிக்கு. ஜப்பான் காலத்துச் சமையலை நினைவில் வைத்திருக்கும் மூத்தவர்களை அவரவர் ஊரில் சந்தித்து, குரலைப் பதிவு செய்யும் வேலை மற்றவர்களுக்கு. ஒட்டுக்கடைப் பெரியவரை அடுத்த வாரம் நான் பார்க்க வேண்டும். படப்பிடிப்புக்கு ரப்பர்க் காடு எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்கு, கெடாவின் பாலிங் பக்கம் சிறுதோட்டக்காரர்கள் இன்னமும் மரம் சீவுகிறார்கள் என்று பினாங்கு அண்ணன் பதில் அனுப்பியதோடு, அங்கே பசியாற எந்தக் கடைக்குப் போவது என்றும் எழுதியிருந்தார்.