அப்பாவின் சிவப்பு 800

ஆம்பூரிலிருந்து திரும்பும்போது, பள்ளிகொண்டா சுங்கச்சாவடி தாண்டியதும் முன்னால் போன ஜல்லி லாரியிலிருந்து ஒரு கல் தெறித்து பானெட்டில் விழுந்தது. சத்துவாச்சாரி வீட்டுக்கு வந்ததும் டார்ச் அடித்துப் பார்த்தேன். மிளகு அளவுக்குப் பெயிண்ட் பெயர்ந்து, நடுவில் தகரம் மினுங்கியது. அப்பா ஆசையாக வாங்கிய 1998 மாடல் மாருதி 800. அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

பட்டறையில் காட்டினேன். "சார், முழு வண்டிக்கும் அடித்துவிடலாம், புதுசு மாதிரி ஆகிவிடும்" என்றார்கள். எனக்கு மனம் வரவில்லை. தொழிற்சாலையில் அடித்துச் சூளையில் சுட்ட பெயிண்ட் அது. அதைச் சுரண்டிவிட்டால் திரும்பக் கிடைக்காது.

நானே உட்கார்ந்தேன். அதற்குள் நான்கு நாள் ஆகியிருந்தது. வடுவின் ஓரத்தில் காவி நிறத்தில் துரு தொடங்கியிருந்தது. உப்புத்தாளைச் சின்னதாக மடித்து, அதன் முனையால் அந்தப் புள்ளியை மட்டும் தேய்த்தேன். துரு முழுவதும் போய் வெள்ளைத் தகரம் தெரிந்த பிறகுதான் பிரைமர் என்னும் அடிப்பூச்சு. துருவின் மேலேயே பெயிண்டை வைத்தால் ஆறு மாதத்தில் கொப்பளித்துக்கொண்டு வெளியே வரும்.

நிறம் சேர்ப்பதற்கு முன்னால் பானெட்டுக்குப் பாலிஷ் போட்டுவிட வேண்டும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வெயிலில் வெளுத்த சிவப்புக்கு இணையாகக் கலந்து வாங்கினால், பாலிஷ் போட்டதும் தொட்ட இடம் மட்டும் தனியாகத் தெரியும். காம்பவுண்ட் என்னும் பாலிஷ் பசையைப் போட்டுத் தேய்க்கத் தேய்க்கத் துணியில் சிவப்பு ஏறியது. மேலே கிளியர் கோட் என்னும் நிறமற்ற பூச்சு இல்லாத பழைய பெயிண்டுக்கு அதுதான் அடையாளம். சாம்பல் பூத்திருந்த மேல்தோல் போனதும், நான் கல்லூரியில் படித்த காலத்து நிறம் அடியிலிருந்து எழுந்து வந்தது.

பெயிண்டைப் பல்குத்தும் குச்சியின் முனையில் தொட்டு, பள்ளத்தின் நடுவில் வைத்தால் அது தானாகவே ஓரம் வரை பரவும். ஒரே தடவையில் நிரப்பக் கூடாது. நாளுக்கு ஒரு சொட்டாக நான்கு நாள் வைத்தேன். கடைசியில் சுற்றுப்புறத்தைவிட ஒரு மயிரிழை மேடாக நின்றது. ஒரு வாரம் காயவிட்டு, 2000 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் ஊறவைத்து, மேட்டை மட்டும் இதமாகத் தேய்த்தேன்.

எல்லா வேலையும் காலை எட்டு மணிக்குள் முடிந்தாக வேண்டும். வேலூர் வெயிலில் தகரம் சுட்டுவிட்டால் காம்பவுண்ட் காய்ந்து அப்பிக்கொள்ளும். எங்கள் தெரு போர் தண்ணீரில் உப்பு அதிகம்; கழுவிய கையோடு துடைக்காவிட்டால் வெள்ளை வட்டங்கள் படியும். காய்ந்த தூசியைத் துணியால் தட்டித் துடைப்பதை வீட்டில் யாரும் செய்யக் கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

கூரை இன்னும் பாக்கி. அங்கே பெயிண்ட் மெலிந்து, ஓரிடத்தில் பிரைமர் நிழலாடுகிறது. காம்பவுண்டை அங்கே கொண்டுபோக மாட்டேன். வாக்ஸ் மட்டும்தான், அதுவும் வெறும் கையால்.